சுண்டைக்காயின் விலையும் சுமைகூலியும்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தைகளில் சொல்லிப் பார்க்கிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். திருநெல்வேலி பேட்டையில் மொத்த விற்பனை நிறுவனம், தென்காசியிலும் வள்ளியூரிலும் கிளைகள், எல்லாம் சேர்த்து 24 கணினிகள், ஒரு சர்வர். கணினிப் பாதுகாப்புக்கென்று ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் போகிறது. அதில் ஆன்டிவைரஸ் 36,000, ஃபயர்வால் (இணைய வாசலில் காவல் நிற்கும் பெட்டி) புதுப்பிப்பு 54,000, பராமரிப்பு ஒப்பந்தம் 90,000, மின்னஞ்சல் பாதுகாப்பும் இணையவழி பேக்கப்பும் (கோப்புகளின் மாற்று நகல்) சேர்ந்து 60,000. முதலாளி இதைப் பாதியாக்கச் சொல்லிவிட்டார். இந்தச் செலவுப் பட்டியலில் எந்த வரியை அடிக்கலாம் என்று கேட்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள்: "இவ்வளவு கட்டியும் போன ஆவணியில் இரண்டு நாள் பில் போட முடியவில்லை." என் பதிலை அந்த வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்த இரண்டு நாளின் விலை நீங்கள் கொடுத்த கணக்கில் எங்குமே இல்லை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பக்கத்தில் சொல்வது இந்த விஷயத்துக்கு அப்படியே பொருந்தும். கார்ட்னர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 1987-இல் ஒரு கணினியை வாங்கும் விலையோடு நிறுத்தாமல், அதை வைத்திருக்கும் காலம் முழுவதும் ஆகும் செலவைக் கணக்கிடும் முறையைப் பரப்பியது. நம் வீட்டுப் பெரியவர்கள் சந்தையில் போட்ட கணக்குதான் அது. லைசென்ஸ் கட்டணம் சுண்டைக்காய். அதை நிறுவுவது, புதுப்பிப்பது, அது மக்கர் செய்யும்போது ஆள் கூப்பிடுவது, அதனால் வேலை மெதுவாவது, அது இருந்தும் தாக்குதல் நடந்தால் மீள்வது ஆகியவை எல்லாம் சுமைகூலி. உங்கள் முதலாளி பார்ப்பது சுண்டைக்காயின் விலையை மட்டும்.

எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளாகத் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் கடைகள், அரிசி ஆலைகள், சிறு மருத்துவமனைகள், பள்ளி அலுவலகங்கள் ஆகியவற்றின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஐந்து கணினி முதல் அறுபது கணினி வரை உள்ள இடங்கள். வங்கியோ பெரிய மருத்துவமனையோ கங்கைகொண்டானில் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் நிறுவனமோ நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்களுக்கு ஒப்பந்த நிபந்தனைகளும் தணிக்கையும் வேறு.

முதலில் கண்ணுக்குத் தெரியாத செலவை எண்ணிப் பார்ப்போம். உங்கள் கணினிகள் மெதுவாக இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். காலையில் திறந்தால் பில் திரை வரப் பத்து நிமிடம் என்கிறீர்கள். 24 பேர், நாளுக்குப் பத்து நிமிடம் என்றால் 240 நிமிடம், அதாவது நான்கு மணி நேரம். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்று வைத்தால் 1,200 மணி நேரம். ஒருவருடைய ஒரு மணி நேரச் சம்பளத்தை 75 ரூபாய் என்று மிகக் குறைத்துப் போட்டாலும் 90,000 ரூபாய். உங்கள் பராமரிப்பு ஒப்பந்தத் தொகை அளவுக்கே இருக்கிறது. இதற்கு யாரும் பில் தருவதில்லை, அதனால் யாரும் கேட்பதும் இல்லை. நான் போய்ப் பார்த்த இடங்களில் இந்த மந்தத்துக்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், அல்லது ஒரே கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட பாதுகாப்பு மென்பொருள்கள். முதலாவதை, சுழலும் பாகம் இல்லாத வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டுச் சரிசெய்யலாம். இரண்டாவதைச் சரிசெய்யக் காசே வேண்டாம். ஒன்றை எடுத்துவிட்டால் போதும்.

இங்கே ஆன்டிவைரஸ் வரிக்கு வந்துவிடுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது. தனிக் கட்டணம் இல்லை. வேறு ஆன்டிவைரஸ் போட்டால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும். உங்கள் அளவுள்ள அலுவலகத்துக்கு டிஃபெண்டரே போதும் என்பது என் தீர்ப்பு. இது என் அனுபவத்தில் கண்டது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியாகச் சொல்லவில்லை. அதற்கும் மூன்று நிபந்தனைகள் உண்டு. பணியாளர்கள், கணினியில் எதையும் மாற்றும் அதிகாரமுள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் வேலை செய்யக் கூடாது. சாதாரணக் கணக்கில்தான் செய்ய வேண்டும். விண்டோஸ் அப்டேட் ஓட வேண்டும். மாதம் ஒருமுறை ஒருவர் 24 கணினிகளையும் திறந்து டிஃபெண்டர் இயங்குகிறதா என்று பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். கட்டண ஆன்டிவைரஸில் எல்லாக் கணினிகளையும் ஒரே திரையில் பார்க்கும் வசதி இருக்கும். அதை இழக்கிறீர்கள், அதற்குப் பதிலாக மாதம் அரை நாள் உழைப்பைக் கொடுக்கிறீர்கள். அந்த அரை நாளைக் கொடுக்க ஆள் இல்லையென்றால் 36,000 ரூபாயைக் கட்டிவிடுங்கள். பார்க்காத டிஃபெண்டரைவிடப் பார்க்கிற ஆன்டிவைரஸ் மேல்.

அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கைப் பற்றிச் சொன்னது எளிதாகக் கடந்துபோகும் விஷயமில்லை. நம் ஊர் அலுவலகங்களில் எல்லாரும் அட்மினிஸ்ட்ரேட்டராகவே வேலை செய்கிறார்கள். பில் மென்பொருள் வேறு எப்படியும் ஓடாது என்று எப்போதோ யாரோ சொல்லியிருப்பார்கள். பத்தில் எட்டு இடங்களிலாவது அந்த மென்பொருளின் கோப்புறைக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் ஓடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இதைச் செய்ய ஒரு கணினிக்குக் கால் மணி நேரம் ஆகும். இதற்கு ஈடாக எந்தச் சாதனத்தையும் நான் சொல்ல மாட்டேன். கள்ள விண்டோஸ், கள்ள ஆஃபீஸ் இருந்தால் அதையும் இந்த வேலையோடு சேர்த்து ஒழித்துவிடுங்கள். அதைத் திறக்கும் சிறு நிரல் ஓட வேண்டுமென்றால் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும். பூட்டைத் திறந்துவைத்துவிட்டுத்தான் அது உள்ளே வருகிறது.

இப்போது ஒரு அரிசி ஆலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆலங்குளத்துக்குப் பக்கத்தில், பெயர் வேண்டாம். ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு ஆலை முதலாளி அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, கணக்கு எல்லாம் வேற எழுத்தா நிக்குது" என்றார். நான் போனபோது ஆலையில் நெல் லாரிகள் மூன்று வரிசையில் நின்றன. எடைமேடைக் கணினியில் கோப்புகள் எல்லாம் பெயர் மாறி, ஒவ்வொரு கோப்புறையிலும் பணம் கேட்டு ஒரு குறிப்புக் கோப்பு இருந்தது. சர்வரிலும் அப்படியே. சர்வரோடு யு.எஸ்.பி. கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த பேக்கப் டிஸ்க்கிலும் அப்படியே. அந்த ஆலையில் கட்டணம் கட்டிய ஆன்டிவைரஸ் இருந்தது, லைசென்ஸ் காலாவதியாகவில்லை, கணினியின் மூலையில் பச்சைக் குறி எரிந்துகொண்டிருந்தது.

வழி எது என்று தேடியபோது, கணக்கு மென்பொருளுக்கு உதவி செய்ய வந்த ஆள் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ரூட்டரில் ஒரு கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போயிருந்தது தெரிந்தது. வேறிடத்திலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு உரிய 3389 என்ற போர்ட் நேராக இணையத்தில் திறந்திருந்தது. கடவுச்சொல் ஆலையின் பெயரும் 123-உம். உலகம் முழுவதும் இப்படித் திறந்திருக்கும் கதவுகளை இரவும் பகலும் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஆலங்குளம் எங்கே இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. உள்ளே வந்தவன் அட்மினிஸ்ட்ரேட்டராக வந்தான். ஆன்டிவைரஸை அவனே நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்கினான்.

பதினொரு நாள் அந்த ஆலையில் கையால் சீட்டு எழுதினார்கள். பிறகு அந்தச் சீட்டுகளையும், ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்த மூன்று மாதப் பழைய நகலையும் வைத்து இரண்டு பேர் ஒரு மாதம் உட்கார்ந்து கணக்கை மறுபடி ஏற்றினார்கள். அண்ணாச்சி பணம் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டாம் என்று நானும் சொன்னேன். கொடுத்தால் திறவுகோல் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. அந்த ஒரு மாதத்தில் அவருக்குப் போனது பத்து ஆண்டு ஆன்டிவைரஸ் கட்டணத்தைவிட அதிகம். கதவை மூட ஆகியிருக்கும் செலவு, ரூட்டரில் ஒரு குறியை எடுக்கும் ஐந்து நிமிடம்.

அந்த ஆலையிலிருந்து உங்களுக்குப் பயன்படும் இன்னொன்றும் உண்டு. எடைமேடைக் கணினி விண்டோஸ் 7. அதற்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 14 ஜனவரி 2020-உடன் நின்றுவிட்டன. எடை காட்டும் கருவியோடு பேசும் பழைய நிரல் புதிய விண்டோஸில் ஓடவில்லை. கருவியையே மாற்ற வேண்டும் என்று ஒரு பெரிய தொகை சொன்னார்கள். நாங்கள் மாற்றவில்லை. அந்தக் கணினியின் வலைக் கம்பியைக் கழற்றினோம். எடைச் சீட்டு அச்சாகி வரும், அதைப் பார்த்து பில் போடும் கணினியில் அடிக்கிறார்கள். ஒரு லாரிக்கு அரை நிமிடம் கூடுதல் வேலை. பாதுகாக்க வேண்டிய இடத்தை இல்லாமல் ஆக்கிவிட்டால் அதைப் பாதுகாக்கும் செலவும் இல்லை. நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் ஒரே விஷயம் இதுதான். மற்றதெல்லாம் அதன் கிளைகள். பில்லில் வரிகளை அடிக்காதீர்கள், பாதுகாக்க வேண்டிய பொருள்களைக் குறையுங்கள். வரிகள் தாமாக விழும்.

எண்ணிப் பாருங்கள். உங்களிடம் 24 கணினிகளில் எத்தனை வகை விண்டோஸ்? எத்தனை வகை ஆஃபீஸ்? எத்தனை பேருக்கு சர்வரின் கடவுச்சொல் தெரியும்? வேலையை விட்டுப் போன எத்தனை பேருடைய கணக்குகள் இன்னும் திறந்திருக்கின்றன? பணியாளர்கள், வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்கள் எத்தனை சர்வரில் கிடக்கின்றன, அவற்றில் எத்தனை உண்மையில் தேவை? 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாததற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. உங்கள் அளவு நிறுவனத்துக்கு அந்த உச்ச வரம்பு வராது என்றே நினைக்கிறேன். ஆனால் வைத்திருக்காத நகல் திருடு போகாது. ஒரு சனிக்கிழமை மாலையை இதற்கு ஒதுக்குங்கள்.

விண்டோஸ் 10 பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-உடன் முடிந்தது. நிறுவனங்கள் பணம் கட்டி அப்டேட்டை மூன்று ஆண்டு வரை நீட்டிக்கலாம். ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்த ஆண்டு இரட்டிப்பு, அதற்கடுத்த ஆண்டு மறுபடி இரட்டிப்பு. 61, 122, 244 என்று கூட்டினால் 427 டாலர். பழைய கணினிக்கு அவ்வளவு கட்டுவதைவிட, விண்டோஸ் 11 ஏற்கும் பழுதுபார்த்த கணினியை வாங்குவது பெரும்பாலும் மலிவு. இதிலும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. உலாவியைத் திறந்து ஜி.எஸ்.டி. தளமும் மின்னஞ்சலும் பார்க்கிற கணினிகளுக்கு லினக்ஸ் போதும். அந்த நான்கைந்துக்கு லைசென்ஸ் செலவும் இல்லை. ஆனால் கிளைக்கு ஒரு வகை, ஆளுக்கு ஒரு வகை என்று சிதறவிடாதீர்கள். இரண்டு வகைக்கு மேல் போனால் பராமரிக்கும் ஆளின் நேரம் பெருகும், அது கடைசியில் உங்கள் ஒப்பந்தத் தொகையில் வந்து நிற்கும்.

அப்டேட் என்றதும் எல்லாரும் சலித்துக்கொள்வது எனக்குத் தெரியும். 2017 மே 12-இல் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல், உலகம் முழுவதும் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே இலவசமாக வெளியிட்டிருந்தது. இடையில் 59 நாள். அந்த அப்டேட்டை ஓடவிட்ட கணினிகளுக்குள் அந்த ஓட்டை வழியே அதனால் நுழைய முடியவில்லை.

ஃபயர்வால் வரியைப் பற்றி இரண்டு விதமாகவும் பேச வேண்டியிருக்கிறது. இன்று இணையத்தில் போய்வரும் பெரும்பகுதி மறையாக்கம் செய்யப்பட்டது, அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டது. அந்த மறையைப் பிரித்துப் பார்க்கும்படி அமைக்காவிட்டால், உள்ளடக்கத்தைச் சோதிக்கிறேன் என்று அந்தப் பெட்டி வாங்கும் ஆண்டுக் கட்டணத்துக்கு அது பார்ப்பது மிகக் கொஞ்சம். நான் பார்த்த பல இடங்களில் பெட்டியை வாங்கிய நாளில் இருந்த அமைப்பிலேயே ஐந்து ஆண்டு ஓடிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து யாரும் உள்ளே வரத் தேவையில்லாத அலுவலகத்துக்கு, உள்வரும் கதவுகள் எல்லாம் மூடிய, அப்டேட் வருகிற ஒரு நல்ல ரூட்டர் போதும். இது ஒரு பக்கம். மறுபக்கம், உங்கள் தென்காசி, வள்ளியூர்க் கிளைகள் அந்தப் பெட்டியின் வி.பி.என். (இணையத்தின் ஊடே போகும் மறைவான தனிப் பாதை) வழியாகத்தான் சர்வரை அடைகின்றன என்றால், புதுப்பிப்பை நிறுத்துவது ஆபத்து. இப்படிப்பட்ட பெட்டிகளிலேயே ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு, அவற்றை அடைக்காத நிறுவனங்களுக்குள் ரேன்சம்வேர் கும்பல்கள் நுழைந்த நிகழ்வுகள் ஏராளம். எனவே கட்டணத்தைக் கட்டுங்கள், அல்லது பெட்டியை எடுத்துவிட்டு வேறு ஏற்பாடு செய்யுங்கள். சந்தா முடிந்த பெட்டியை வாசலில் அப்படியே விட்டுவைக்கும் நடுவழி மட்டும் கூடாது. காவல்காரன் தூங்குகிறான் என்று தெரிந்தும் அவனை நம்பிக் கதவைப் பூட்டாமல் போவது போன்றது அது.

பேக்கப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். மற்ற எல்லாம் தோற்றாலும் நிறுவனம் பிழைப்பது இதனால்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது, தாமிரபரணி கரை மீறி, திருநெல்வேலி ஜங்ஷன் பகுதிக்குள் தண்ணீர் புகுந்தது. ஜங்ஷனில் நான் பார்த்துக்கொண்ட ஒரு கடையில் சர்வர் தரைத்தளத்தில், கல்லாவுக்கு அடியில் இருந்தது. அதன் மேலேயே பேக்கப் டிஸ்க்கை டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். வடிந்த பிறகு போனால், சுவரில் இடுப்புக்கு மேல் சேற்றுக் கோடு. சர்வரைச் சாய்த்தபோது உள்ளேயிருந்து பழுப்புத் தண்ணீர் ஊற்றியது. யு.பி.எஸ். பேட்டரிகள் உப்பியிருந்தன. ஒட்டியிருந்த டிஸ்க்கும் சர்வரும் ஒன்றாகவே போய்விட்டன.

அந்தக் கடையைக் காப்பாற்றியது அங்கே கணக்கு எழுதும் அக்காவின் பழக்கம். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் கணக்குக் கோப்புறையை ஒரு பென் டிரைவில் போட்டு, சாப்பாட்டுப் பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் வைத்து மகாராஜநகர் வீட்டுக்குக் கொண்டுபோவார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய மாலைதான் எடுத்திருந்தார். ஒரு பில் கூடக் குறையவில்லை. அந்தப் பென் டிரைவில் பூட்டு எதுவும் இல்லை, பஸ்ஸில் தவறியிருந்தால் கடையின் கணக்கு முழுவதும் கண்டவர் கையில் போயிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது விண்டோஸ் ப்ரோவில் இருக்கும் பிட்லாக்கரைக் கொண்டு பூட்டித்தான் கொண்டுபோகிறார்.

கடல் கடந்தும் இதே கதைதான். 2017 ஜூன் 27-இல் நாட்பெட்யா என்ற நாசநிரல், உக்ரைனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியே பரவியது. டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. உலகம் முழுவதும் ஒன்றையொன்று நகலெடுத்துக்கொண்டிருந்த அவர்களுடைய முக்கியச் சர்வர்கள் எல்லாம் ஒன்றாக அழிந்தன. ஒன்றே ஒன்று தப்பியது. கானா நாட்டு அலுவலகத்தில் அந்த நேரத்தில் மின்வெட்டு. அந்தச் சர்வர் வலையில் இல்லை. அதிலிருந்துதான் மீண்டார்கள். அங்கே மின்வெட்டு செய்த வேலையை இங்கே சாப்பாட்டுப் பை செய்தது. இணைக்கப்படாமல், வேறு இடத்தில் இருக்கும் ஒரு நகல் உங்களுக்கும் வேண்டும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடம் என்று இதை 3-2-1 என்பார்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி வாரம் ஒன்றாக மாற்றி மாற்றித் தென்காசிக் கிளைக்கு அனுப்பினால் போதும். கிளை வண்டி எப்படியும் போகிறதே.

நீங்கள் கட்டும் இணையவழி பேக்கப்பை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அது எதை நகலெடுக்கிறது என்று திறந்து பாருங்கள். ஓர் இடத்தில் கணக்கு மென்பொருளை டி டிரைவுக்கு மாற்றிய பிறகும் இரண்டு ஆண்டு காலம் சி டிரைவின் காலிக் கோப்புறையை நகலெடுத்துக்கொண்டிருந்தது. மாதந்தோறும் "வெற்றி" என்று மின்னஞ்சலும் வந்தது. மின்னஞ்சல் பாதுகாப்பு என்று தனியாகக் கட்டுவதையும் பாருங்கள். உங்கள் மின்னஞ்சல் சேவையிலேயே அந்த வடிகட்டல் சேர்ந்திருந்தால் இரண்டு முறை கட்டுகிறீர்கள்.

கடவுச்சொல்லில் பணம் மிச்சமாகாது, நேரம் மிச்சமாகும். முப்பது நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் விதியை எடுத்துவிடுங்கள். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017 வழிகாட்டியிலேயே, திருட்டுப் போனதற்கு அடையாளம் இல்லாதபோது கட்டாயமாக மாற்றச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் திரையின் ஓரத்தில் எழுதி ஒட்டுகிறார்கள். நீளமான ஒரே கடவுச்சொல்லும், அதோடு போனில் வரும் இரண்டாம் சரிபார்ப்பும் போதும். கணக்குகளைக் கைப்பற்றும் தாக்குதல்களில் 99.9 சதவீதத்தை இந்த இரண்டாம் சரிபார்ப்பு தடுக்கும் என்று 2019-இல் மைக்ரோசாஃப்ட் சொன்னது. அந்த எண்ணை அவர்கள் கூற்றாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பலன் பெரிது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, செலவும் இல்லை. 1 ஏப்ரல் 2025 முதல் இ-வே பில், இ-இன்வாய்ஸ் தளங்களில் எல்லா வணிகருக்கும் இது கட்டாயம். கடை முதலாளியின் போனுக்கு ஒ.டி.பி. வர, பில் போடுபவர் நாளுக்குப் பதினைந்து முறை அவரைக் கூப்பிடும் காட்சியைப் பல கடைகளில் பார்க்கிறேன். அந்தத் தளத்திலேயே துணைப் பயனர் கணக்கு உருவாக்கி, அவரவர் போனுக்கே வரும்படி செய்யலாம். யார் எதைச் செய்தார் என்பதும் பதிவாகும்.

இன்னொரு பெரிய இழப்புக்கு எந்தச் சாதனமும் தடையில்லை. சரக்கு அனுப்புகிறவரிடமிருந்து வருவதுபோலவே மின்னஞ்சல் வரும்: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்துங்கள்." கணக்கு எண் மாறினால், நம்மிடம் முன்பே இருக்கும் பழைய எண்ணுக்குப் போன் செய்து, நம் குரலில் கேட்டு, அவர் குரலில் உறுதி வாங்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். அப்படியும் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று இருந்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

சட்டத்தில் நான் வழக்கறிஞர் அல்ல; உங்கள் ஆடிட்டரிடம் உறுதிசெய்யுங்கள். எழுத்தில் இருப்பதைச் சொல்கிறேன். ஜி.எஸ்.டி. கணக்குகளை அந்த ஆண்டு அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். நிறுவனச் சட்டத்தின்கீழ் பதிவானது என்றால், 1 ஏப்ரல் 2023 முதல் கணக்கு மென்பொருளில் எதை எப்போது மாற்றினார்கள் என்ற திருத்தப் பதிவு ஓட வேண்டும், அதை அணைக்க முடியக் கூடாது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 28 ஏப்ரல் 2022-இல் பிறப்பித்த உத்தரவு, தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், கணினிகளின் இயக்கப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. செலவைக் குறைக்கிறேன் என்று பழைய நகல்களை அழிக்கும்போது இந்தக் கால அளவுகளை மறந்துவிடாதீர்கள்.

கடைசியாகப் பராமரிப்பு ஒப்பந்தம். இந்த வரியில் கை வைக்காதீர்கள் என்றே சொல்வேன். நானும் இதே தொழிலில் இருப்பவன், அதை மனத்தில் வைத்துப் படியுங்கள். தொகையைக் குறைப்பதற்குப் பதில் என்ன கிடைக்கிறது என்பதை மாற்றுங்கள். "கூப்பிட்டால் வருவோம்" என்ற ஒப்பந்தத்தில், கணினிகள் கெட்டுக்கொண்டே இருந்தாலும் அவர்களுக்கு நட்டம் இல்லை. மாதந்தோறும் என்ன செய்வார்கள் என்று எழுதி வாங்குங்கள்: அப்டேட் பார்ப்பது, டிஃபெண்டர் பார்ப்பது, விலகியவரின் கணக்கை மூடுவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து மீட்டுக் காட்டுவது. அப்போது ஆன்டிவைரஸை நிறுத்த நான் கேட்ட அந்த அரை நாளும் இதற்குள் வந்துவிடும். இணையப் பெயரும் (டொமைன்) மின்னஞ்சல் சேவையும் உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். வேறொருவர் பெயரில் இருந்தால் நாளை பிரியும்போது அவர் சொல்வதே விலை. எல்லா அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொற்களும் ஓர் உறையில், அரக்கு வைத்து, முதலாளியின் பெட்டியில் இருக்கட்டும்.

முதலாளியிடம் பாதியாகும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். முதல் ஆண்டில் ஆன்டிவைரஸ் 36,000 போகும். 60,000-இல் இரட்டைக் கட்டணம் இருந்தால் கொஞ்சம் போகும். டிஸ்க்குகளுக்கும் எஸ்.எஸ்.டி.களுக்கும் அதில் ஒரு பகுதி செலவாகும். ஃபயர்வாலை மாற்ற முடிந்தால்தான் 1,60,000-க்குப் பக்கத்தில் வரும். முடியாவிட்டால் இரண்டு லட்சத்தை ஒட்டியே நிற்கும். ஆனால் காலையின் அந்தப் பத்து நிமிடமும், ஆவணியின் அந்த இரண்டு நாளும் திரும்பக் கிடைத்தால், அவர் கேட்ட பாதியைவிட அதிகம் கிடைத்திருக்கும். அதை ரூபாயில் எழுதிக் காட்டுங்கள். வியாபாரிக்கு அந்தக் கணக்கு புரியும்.

ஃபயர்வால் விஷயத்தில் உறுதியாகச் சொல்ல எனக்கு இரண்டு தகவல்கள் வேண்டும். தென்காசியிலும் வள்ளியூரிலும் இருப்பவர்கள் சர்வரை எந்த வழியாகத் திறக்கிறார்கள்? ஆவணியில் நின்ற அந்த இரண்டு நாளும் என்ன கெட்டது, எதைச் செய்து மறுபடி ஓடியது? ஒப்பந்தக்காரர் கொடுத்த வேலைச் சீட்டு இருந்தால் அதில் எழுதியிருப்பதை அப்படியே போடுங்கள்.